பதில் வராத நாலு நிமிஷம்

வெளிச்சம் இன்னும் மலையேறி வரவில்லை. பனி மட்டும் வெளுத்திருந்தது. பெல்ட்டின் கடைசி உருளைக்கு அடியில் ஆராயி மண்டிபோட்டு உட்கார்ந்து செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். விடாமல் பெய்த மழையில் மண் பிசைந்த மாவாகியிருந்தது. சுரண்டச் சுரண்ட ஒட்டியது. மம்பட்டியில் ஒட்டியதைக் கையால் வழித்து இரும்புச் சட்டியில் போட வேண்டும். கையில் ஒட்டியதைப் புடவையில் துடைக்க வேண்டும். ஏழு மணிக்குள் முழங்காலுக்குக் கீழே புடவை தகடுபோல விறைத்துவிடும். எதிர்ப்பக்கத்தில் அவள் புருஷன் அங்கப்பன் ஒருக்களித்துப் படுத்து, உருளையில் அப்பியிருந்த பாளங்களைக் கடப்பாரையால் நெம்பினான். இருவரும் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டிருந்தார்கள். நனைந்து கனத்த சாக்கு கழுத்தை முன்னால் தள்ளியது.

"ஏனுங்க, உங்க பக்கம் இன்னும் எவ்வளவு கெடக்குது?"

"கெடக்குது, ஆடி முடியற வரைக்கும்," என்றான் அங்கப்பன்.

கிரஷர் உடைத்துத் தள்ளும் பாக்சைட் கல்லை இந்த பெல்ட்தான் கொண்டுபோய் ரோப்வே தொட்டிகளில் கொட்டும். தொட்டிகள் கம்பியில் தொங்கியபடி மலையடிவாரத்துக்கு இறங்கும். மழைக்காலத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பெல்ட்டை நிறுத்தி, அடியில் ஆள் புகுந்து மண்ணை எடுக்காவிட்டால் பெல்ட் வழுக்கும், கிழியும்.

போன தை மாதம் வரைக்கும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச்காரர் ஒருவர் நிற்பார். உள்ளே ஆள் போகும்போது பெரிய சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைப் போகிறவர் கையிலேயே கொடுத்துவிடுவார். தையில் கம்ப்யூட்டர் வந்தது. ஷிப்டுக்கு இரண்டு பேராக ஆறு சுவிட்ச்காரர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெல்ட்டை ஓட்டும் அதிகாரம் அரை மைல் தள்ளியிருந்த ஆபீஸ் கட்டடத்துக்கு, கண்ட்ரோல் ரூமுக்குப் போயிற்று. பெல்ட்டின் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியும் அதன்மேல் ஒரு சிவப்புப் பொத்தானும் மிஞ்சின. பொத்தானை அமுக்கினால் பெட்டி பெல்ட்டை நிறுத்தும். நிறுத்திய சேதியைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஆட்கள் வெளியே வந்து இன்னொரு முறை அமுக்கியதும், மறுபடி ஓட்டச் சொல்வது கம்ப்யூட்டரின் வேலை. 1994-ல் இந்த மலையில் இதைவிடப் புதிய இயந்திரம் வேறெங்கும் இல்லை என்று திறப்பு விழாவில் பேசினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்பவள் இன்பமேரி. பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள். மிஷன் பள்ளியில் படித்து, சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்தவள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிக வேலை.

வேலைக்கு வந்த நாளிலிருந்தே அவளை ஒரு மஞ்சள் பட்டை பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. பெல்ட்டின் படம் திரையில் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உச்சியில் அந்தப் பட்டை வந்து நிற்கும். 'தொடர்புப் பிழை. சாதனத்திலிருந்து பதில் இல்லை' என்று ஆங்கிலத்தில் மூன்று முறை மின்னும். ஒருநாள் இரண்டு முறை வரும். ஒருநாள் ஏழு முறை. சில நாள் வரவே வராது. ஏன் வருகிறது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் பாலசுப்பிரமணியம் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'எர்ரர் வந்தால் எஃப்-4 அழுத்தவும்.' எஃப்-4 அழுத்தினால் மஞ்சள் மறையும்.

ஆரம்பத்தில் அவள் ஒவ்வொரு முறையும் பெல்ட் பக்கத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் அழுத்தினாள். ஆனி மழையில் அந்தப் போன் செத்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். ஆள் வரவில்லை. கடைசியில் தனக்கென்று ஒரு நோட்டு வாங்கி, மஞ்சள் வரும் ஒவ்வொரு நேரத்தையும் குறித்துவைக்கத் தொடங்கினாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. எரிச்சலை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டுக்கு மஞ்சள் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே பனி சுவர்போல நின்றது. பெல்ட் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. இன்பமேரி போனை எடுத்தாள், சத்தமே இல்லை. விசையின் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள். ஒன்பது மணியை ஒட்டித்தான் மண் எடுக்க ஆள் இறங்குவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. வாசலுக்குப் போய் வாட்ச்மேனைத் தேடினாள். காணோம். திரும்பி வந்தபோது மேனேஜர் அறைக்குள் நின்றிருந்தார்.

"என்னம்மா இது? மஞ்சளைப் பாத்துக்கிட்டே எவ்வளவு நேரம் உக்காந்திருப்பே?"

"மண்ணெடுக்கற நேரமுங்க சார். யாரையாவது அனுப்பிப் பாத்துட்டு..."

"அரை மைல் ஆள் போய்த் திரும்பற வரைக்கும் எர்ரரை இப்படியே விட்டுவெக்கறதா? திரையில பெல்ட் பச்சையாத்தானே இருக்கு? ஓடிக்கிட்டுதான் இருக்கு. அமுக்கு."

பச்சையாகத்தான் இருந்தது. ஒன்பது பதினாறுக்கு அவள் எஃப்-4 அழுத்தினாள். மஞ்சள் மறைந்தது. மேனேஜர் போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் பெல்ட் சிவப்பாகி நின்றது. பெல்ட் பக்கத்தில் யாரோ பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். இப்போதுதான் மண்ணெடுக்க இறங்குகிறார்கள்போல என்று அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

கால் மணி நேரம் கழித்து ஒருவன் பனிக்குள்ளிருந்து ஓடிவந்து ஜீப் கேட்டு அலறினான்.

அங்கப்பனின் வலது கையை உருளை முழங்கைவரை இழுத்துக்கொண்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஆராயி தவழ்ந்து வெளியே வந்து பொத்தானை அமுக்கியதால் தோள் தப்பியது. மலைவளைவுகளில் ஜீப் இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுடைய மடி முழுக்க ரத்தம் ஊறியிருந்தது. மாலையில் கையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் இன்பமேரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கம்ப்யூட்டர் அச்சடித்த நீளக் காகிதம் கிடந்தது. பக்கத்தில் டைப் செய்த வாக்குமூலம்.

"இதைப் பாரு. ஒன்பது எட்டுக்கு பெல்ட் ஓடுது. பன்னிரண்டுக்கு எர்ரர். பதினாறுக்கு ஓடுது. பதினேழுக்கு நிறுத்தம். பதினேழுக்கு அமுக்கினது காகிதத்துல வந்திருக்கு பாரு. அப்ப பொத்தான் வேலை செய்யுது. அதுக்கு முன்னாடி நிறுத்தமே இல்லை. ஓடற பெல்ட்டுக்குள்ள கையை விட்டிருக்கான். கவனக்குறைவு. ஆபரேட்டர்ங்கிற முறையில நீ கையெழுத்துப் போடணும்."

"எட்டு வருஷமா அந்த வேலை செய்யறவருங்க சார்."

"அதனாலதான் அலட்சியம். போடும்மா. அடுத்த மாசம் உன் வேலையை நிரந்தரம் பண்ணறதைப் பத்தி மெட்ராஸ் ஹெட் ஆபீஸுக்கு எழுதப் போறேன்."

அவள் பேனாவை எடுக்கவில்லை. "நாளைக்குப் படிச்சுப் பாத்துட்டுப் போடறேனுங்க சார்," என்று மட்டும் சொன்னாள். 

கம்ப்யூட்டரை மாட்டிக்கொடுத்த பெங்களூர் கம்பெனிக்குப் போன் போட்டாள். நாலாவது முறை ஒரு இன்ஜினியர் கிடைத்தார். "எங்க சாஃப்ட்வேர் சரியாத்தான் வேலை செய்யுது. பதில் வரலைன்னா வரலைன்னு சொல்லுது. ஏன் வரலைங்கிறது கேபிள் பாக்கறவங்க கவலை," என்று வைத்துவிட்டார். கேபிள் பார்ப்பவர் எலெக்ட்ரீஷியன் சிங்கராயர். நாற்பது வயதுக்காரர். எந்தப் பழுதுக்கும் முதலில் தன்னைத்தான் கைகாட்டுகிறார்கள் என்ற கோபம் அவருக்கு எப்போதும் உண்டு.

"என்ற கேபிள்ல ஒரு குத்தமும் இல்லம்மா. மீட்டர் வெச்சு மூணு தடவ பாத்தாச்சு. உன்ற பொட்டிக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்குது. அதப் போயிக் கேளு."

சாஃப்ட்வேர்காரர் கேபிளைச் சொன்னார். கேபிள்காரர் கம்ப்யூட்டரைச் சொன்னார். மேனேஜர் அங்கப்பனைச் சொன்னார். இன்பமேரிக்குத் தன் நோட்டைக் கிழித்துப் போடலாம் என்றிருந்தது.

நாலாம் நாள் ஆராயி மலையேறி வந்தாள். துவைத்தும் கறை போகாத அதே புடவை. ஆபீஸ் கட்டடத்துக்குள் அவள் நுழைந்ததே இல்லை, வாட்ச்மேன் மறித்தார். இன்பமேரி வெளியே ஓடிவந்தாள்.

"நீதான கம்ப்யூட்டர் அம்மிணி?"

"ஆமாங்க்கா."

"என்ற ஊட்டுக்காரர் பொத்தான அமுக்கலைன்னு உன்ற மெசினு காயிதம் அடிச்சுக் குடுத்துருக்குதாமே? அமுக்குனாரு. என்ற கண்ணு முன்னால அமுக்குனாரு. பெல்ட்டு நின்னுச்சு. நின்ன பொறவுதான் நாங்க ரெண்டு பேரும் உள்ள போனோம். நாலு சட்டி மண்ணு எடுத்தாச்சு. அப்பறம் அதுவா ஓடுச்சு." அவள் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "கேக்கறவங்கெல்லாம் அதையே கேக்கறாங்க. ஆஸ்பத்திரியில கம்பெனி ஆளு கேட்டான். போலீஸ்காரர் கேட்டாரு. ஸ்டேஷன் ரைட்டரும் வந்து கேட்டாரு. நேத்து என்ற ஊட்டுக்காரரே எங்கிட்டச் சொல்றாரு, 'ஆராயி, நான் நெசமா அமுக்குனனா? எனக்கே சந்தேகமா இருக்குது'ன்னு. கையும் போயி, தம்மேல இருந்த நம்பிக்கையும் போச்சு கண்ணு."

இன்பமேரிக்கு அதற்குமேல் சொல்லாமலிருக்க முடியவில்லை.

"ஒன்பது பதினாறுக்கு நான் ஒரு பொத்தானை அமுக்கினேனுங்க்கா. எர்ரர் போறதுக்கு அமுக்கறது. அதுக்கும் பெல்ட் ஓடினதுக்கும் சம்பந்தம் இருக்குதான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா அந்த நேரத்துலதான் அமுக்கினேன்."

ஆராயி அவளை உற்றுப் பார்த்தாள். அறைவாள் என்று இன்பமேரி நினைத்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியாதுன்னா தெரிஞ்சுக்கோ," என்றாள் ஆராயி. "படிச்சவதான நீயி?"

அலமாரியில் யாரும் பிரிக்காத தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரோடு வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை நேரத்திலேயே படித்தாள். மேனேஜர் கையெழுத்தைக் கேட்டு உள்ளே வரும்போதெல்லாம் ரிப்போர்ட் தாள்களை அதன்மேல் பரப்பி, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். பாதி புரியவில்லை. மூன்றாம் நாள், எண்பத்து மூன்றாம் பக்கத்தில், சின்ன எழுத்தில் மூன்று வரிகள். கம்ப்யூட்டர் ஒரு சாதனத்தை மூன்று முறை கேட்கும். பதில் வராவிட்டால் கேட்பதை நிறுத்திவிடும். அந்தச் சாதனத்திடமிருந்து கடைசியாக வந்த நிலை திரையில் அப்படியே இருக்கும். எஃப்-4 அழுத்தினால் தொடர்பு மீண்டு, கடைசியாகக் கொடுத்த உத்தரவு மறுபடி அனுப்பப்படும்.

இன்னொரு முறை படித்தாள். அகராதியை மூடினாள். கடைசியாக அவள் கொடுத்த உத்தரவு 'ஓடு'.

திரையில் தெரிந்த பச்சை, பெல்ட் ஓடியதன் அடையாளமே இல்லை. நாலு நிமிஷத்துக்கு முந்தைய பழைய சேதி. அந்த நாலு நிமிஷமும் அங்கப்பன் நிறுத்திய சேதி கேபிளின் அந்த முனையிலேயே கேட்பாரில்லாமல் நின்றிருக்கிறது. காகிதத்தில் அவனுடைய நிறுத்தம் இல்லை என்றால், அவன் அமுக்கவில்லை என்று அர்த்தமில்லை. இந்தப் பக்கம் யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இதை அவள் முதலில் சிங்கராயரிடம்தான் சொன்னாள். அவர் வாதாடவில்லை. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பதில் வரலைங்கறது அப்பப்பதான வருது? எப்பெப்ப?" என்றார்.

அவள் நோட்டை நீட்டினாள். மொத்தம் முப்பத்தேழு. அவர் தேதிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "பதினேழாம் தேதி ஒண்ணுகூட இல்லியே? அன்னிக்கு ரோப்வே நாள் முழுக்க நின்னு கெடந்துச்சு."

ரோப்வேயின் பெரிய மோட்டாரை ஓட்டுபவர் வெங்கடாசலம். அதிகம் பேசமாட்டார். மோட்டாரை எப்போது போட்டார், எப்போது நிறுத்தினார் என்று ரிஜிஸ்டர் எழுதுவது அவர் வேலையின் ஒரு பகுதி, ஒருநாளும் தவறியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் மூவரும் மோட்டார் ரூமில் உட்கார்ந்து நோட்டையும் ரிஜிஸ்டரையும் ஒப்பிட்டார்கள். வெங்கடாசலம் மோட்டார் போட்ட நேரத்தைப் படிக்க, இன்பமேரி மஞ்சள் வந்த நேரத்தைப் படித்தாள். ஒரே நிமிஷம். அடுத்ததும் ஒரே நிமிஷம். முப்பத்தேழில் முப்பத்தைந்து ஒத்துப்போயின. மிச்சம் இரண்டும் இடி விழுந்த நாட்கள்.

வியாழக்கிழமை ஒன்பது பன்னிரண்டு: ரோப்வே மோட்டார் ஸ்டார்ட்.

வெங்கடாசலம் ரிஜிஸ்டரை மூடிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்கராயர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். "மோட்டாருக்குப் போற கரண்ட் கேபிளும் கம்ப்யூட்டர் கேபிளும் ஒரே குழியிலதான் கெடக்குது. பெரிய மோட்டாரு கெளம்புறப்ப இழுக்கற இழுப்புல பக்கத்துல இருக்கற சின்னக் கேபிள்ல போற சேதியெல்லாம் கலைஞ்சு போவும். தனிக் குழி வேணும்னு அன்னிக்கே சொன்னேன். பாறை, தோண்ட நாளாகும், மூடுன்னாங்க. மூடிட்டேன்." திரும்பி இன்பமேரியைப் பார்த்தார். "உன்ற பொட்டிக்குக் கிறுக்குன்னு சொன்னேன் பாரு. நான் வாய மூடிக்கிட்டு இருந்ததச் சொல்லலை."

"காகிதத்துல எழுதிக் காட்டினா நம்புவாங்களாண்ணா?"

"அவுங்க நம்பறது அப்பறம். நம்மாளுங்க மொதல்ல பாக்கோணும்."

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில், அரை மணி நேரம் கிரஷர் ஓய்ந்திருக்கும்போது, செய்து பார்த்தார்கள். மேனேஜர் சேலத்துக்குப் போயிருந்தார். பனி அன்றும் விலகவில்லை. போன் அன்றும் செத்தே கிடந்தது. அதனால் பெல்ட்டிலிருந்து கண்ட்ரோல் ரூம் வாசல்வரைக்கும், ஒருவர் குரல் அடுத்தவருக்குக் கேட்கும் தூரத்தில், இருபத்தாறு பேர் பனிக்குள் வரிசையாக நின்றார்கள். குழியில் கல் உடைப்பவர்கள், லாரியில் ஏற்றுபவர்கள், கேன்டீன் சமையல்காரர் உட்பட. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் தெரிந்தது. பெல்ட்டுக்கு அடியில் யாரும் இல்லை என்று சிங்கராயர் குனிந்து இரண்டு முறை பார்த்தார்.

பெல்ட் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. வெங்கடாசலம் ரோப்வே மோட்டாரைப் போட்டார். திரையில் மஞ்சள் வந்தது.

"மஞ்சள் வந்திருச்சு!" என்று இன்பமேரி வாசலில் நின்று கத்தினாள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள் என்று பனிக்குள் குரல்கள் ஓடி மறைந்தன.

அந்த முனையில் ஆராயி சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பெல்ட் முனகிக்கொண்டு நின்றது. "நின்னுருச்சு!" என்றாள் அவள். நின்னுருச்சு, நின்னுருச்சு என்று வரிசை வழியே அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது வாசலில் கூடியிருந்தவர்கள் எட்டி உள்ளே பார்த்தார்கள். திரையில் பெல்ட் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

"நின்ன பெல்ட்ட ஓடுதுன்னு காட்டுது பாருடா!" என்றார் ஒருவர்.

இன்பமேரி எஃப்-4 அழுத்தினாள். விரல் அதன்மேல் கல்லாகக் கனத்தது. சில நொடிகள். பிறகு பனியின் அந்தக் கோடியிலிருந்து, ஒவ்வொரு குரலாக, ஒவ்வொன்றிலும் கோபம் ஏறிக்கொண்டே வந்தது: ஓடுது. ஓடுது. ஓடுது!

பெல்ட் பக்கத்தில் ஆராயி பொத்தானின் மேலேயே கையை வைத்து நின்றிருந்தாள். யாரும் தொடாமல் பெல்ட் அவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. "இத அவருகிட்டச் சொல்லோணும்," என்றாள். "அமுக்குனீங்க சாமி, நீங்க அமுக்குனீங்கன்னு சொல்லோணும்." அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

திங்கட்கிழமை காலை பத்துப் பேர் மேனேஜர் அறைக்குப் போனார்கள். இன்பமேரி டைப் செய்த வாக்குமூலத்தைக் கையெழுத்தில்லாமல் மேசைமேல் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் தன் கையால் எழுதிய இன்னொன்று. நோட்டு, ரிஜிஸ்டர், எண்பத்து மூன்றாம் பக்கம் எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி: 'ஒன்பது பதினாறுக்கு எஃப்-4 அழுத்தியது நான். அழுத்தச் சொன்னவர் மேனேஜர்.'

மேனேஜர் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"யோசிச்சுத்தான் எழுதினியா? நாளைக்கு விசாரணைன்னு வந்தா உன் விரலைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டுங்க சார். சொல்றேன்."

"நீங்க எல்லாரும் சேந்து கம்பெனி மெஷினை வெச்சு சோதனை பண்ணினீங்களாமே? யார் அனுமதி குடுத்தா?"

ஆராயி பின்வரிசையிலிருந்து பேசினாள். "அந்த மெசினு என்ற ஊட்டுக்காரர் கையில சோதன பண்ணுச்சுங்களே, அதுக்கு யாரு அனுமதி குடுத்தாங்க?"

 மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் மேலே மெட்ராஸில் ஆட்கள் இருந்தார்கள்; தினமும் சாயங்காலம் எத்தனை டன் இறங்கியது என்று கேட்பார்கள். அந்தக் களைப்பு அவர் முகத்தில் இருந்தது. ஆனால் அந்தக் களைப்பு அவரை இந்தப் பக்கம் கொண்டுவரவில்லை.

"சரி. உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க," என்றார் வெங்கடாசலம். அவர் அந்த அறையில் பேசுவதே அதுதான் முதல் தடவை. "நிறுத்தினவன் கையாலதான் பெல்ட்டு மறுபடி ஓடோணும். அதுக்குத் தக்கன பெல்ட்டுப் பக்கத்துல இருக்கற பொட்டிய மாத்துங்க. கேபிளுக்குத் தனிக் குழி போடுங்க. போனச் சரி பண்ணுங்க. அங்கப்பன் மேல கவனக்குறைவுன்னு எழுதுனதக் கிழிச்சுப் போடுங்க."

"மெட்ராஸுக்கு எழுதறேன். பெங்களூர்லேருந்து ஆள் வரணும். ரெண்டு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் வேலை நடக்கட்டும்."

"அதுவரைக்கும் பெல்ட்டுக்கு அடியில யாரு போறதுங்க?" என்றார் சிங்கராயர். "நீங்க வர்றீங்களா?"

மேனேஜரின் முகம் சிவந்தது. பத்து நிமிஷத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. சிங்கராயர் சஸ்பெண்ட். இன்பமேரியின் தற்காலிக வேலை இன்றோடு முடிந்தது. மற்றவர்கள் உடனே வேலைக்குத் திரும்ப வேண்டும்.

யாரும் திரும்பவில்லை. முதல் ஷிப்டின் அறுபத்தெட்டுப் பேரும் பெல்ட்டின் இருபுறமும் ஈர மண்ணில் உட்கார்ந்தார்கள். அரசாங்கத்தின் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு மனு எழுதி, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டு, மற்றவர்கள் பெருவிரலைச் செம்மண் சேற்றிலேயே தோய்த்து ஒற்றினார்கள். கேன்டீன்காரர் ஏற்காட்டுக்குப் போய் அதைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். போகும் வழியில் தடுப்பார்கள் என்று சிலர் பயந்தார்கள்.

ஆனால் உண்மையான பயம் வேறு. இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் வரும். செம்மநத்தத்திலிருந்து லாரியில் கூட்டிவருகிற கான்ட்ராக்ட் ஆட்கள். வேலை அட்டைகூட இல்லாதவர்கள். இன்று வேண்டாம் என்றால் நாளை வேறு ஆள். அவர்கள் இறங்கி வேலை செய்துவிட்டால் மேனேஜர் யாரோடும் பேச வேண்டிய அவசியமே இல்லை.

"வந்தா வழிய மறிச்சுப் படுத்துக்கலாம்," என்றார் கல் உடைப்பவர் ஒருவர்.

"அவுங்க என்ன எதிராளிங்களா?" என்றாள் ஆராயி. "மறிக்க வேண்டாம். நடந்ததச் சொல்லுவோம்."

இரண்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது லாரியின் சத்தம் வளைவில் கேட்டது. கான்ட்ராக்டர் சுப்பிரமணி முன்னால் குதித்து இறங்கினான். மேனேஜர் அவனுக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். "இந்தப் பக்கம் பாக்காதீங்க. நேரா வேலைக்குப் போங்க. நின்னீங்கன்னா நாளைக்கு லாரியில ஏற வேண்டாம்," என்று கத்தினான்.

இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் குப்பாயி. ஐம்பதைத் தாண்டியவள், இரண்டாம் ஷிப்டில் பெல்ட்டுக்கு அடியில் மண்ணெடுப்பது அவள் வேலை. மம்பட்டியும் சட்டியுமாக நேரே நடந்து வந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி அவளுக்கு வழி விட்டார்கள். அவள் பெல்ட்டின் உருளைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அங்கப்பன் எப்படி இருக்கறாப்பல, ஆராயி?"

"உசுரு இருக்குதுங்க்கா. கை போயிருச்சு."

"அவனா ஓடற பெல்ட்டுல கைய உட்டான்னு சொல்றாங்களே?"

"இல்லீங்க்கா." ஆராயி எழுந்தாள். ஆனால் அவள் பேசுவதற்குள் இன்பமேரி எழுந்து நின்றாள்.

"அவரு நிறுத்திட்டுத்தானுங்க உள்ள போனாரு. நிறுத்தின சேதி ஆபீஸுக்கு வந்து சேரலை. நான் அங்கிருந்து அமுக்கினதுல பெல்ட் தானா கெளம்பிருச்சு. முந்தாநாள் இவங்க அத்தனை பேரும் பாத்தாங்க. நாளைக்கு இன்னொருத்தர் அந்த நாற்காலியில உக்காந்து அமுக்கினாலும் அப்படியேதான் ஓடும். அடியில யாரு இருந்தாலும் ஓடும்."

குப்பாயி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சலவைப் புடவை, செருப்பு, கையில் கடிகாரம். "நீயா அமுக்குன?"

"நாந்தானுங்க."

"வேல போயிருச்சா உனக்கு?"

"காலையில போயிருச்சுங்க."

சுப்பிரமணி லாரிப் பக்கத்திலிருந்து மறுபடி கத்தினான். குப்பாயி திரும்பிப் பார்க்கவில்லை. உருளைக்கு அடியில் இருந்த பொந்தைக் குனிந்து பார்த்தாள். மழை தொடங்கியதிலிருந்து தினமும் இரண்டு முறை அதற்குள் அவள் புகுந்திருக்கிறாள். எத்தனை தடவை அரை மைல் தள்ளி ஒரு மஞ்சள் பட்டை மின்னியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் உதடுகள் அசைந்தன; என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு சட்டியைத் தரையில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஏ, குப்பாயி! நாளைக்கு லாரியில எடமில்ல உனக்கு!"

"நடந்து வாரனுங்க," என்றாள் அவள்.

அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒரு பெண் மம்பட்டியைக் கீழே வைத்தாள். இன்னொருவர். பிறகு நாலைந்து பேர் ஒன்றாக. இரண்டு மூன்று பேர் லாரிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் தயங்கி நின்றார்கள். கான்ட்ராக்டரைப் பார்த்தார்கள், உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, திட்டவுமில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களும் வந்து ஓரமாகக் குந்தினார்கள்.

ஆபீஸ் பக்கமிருந்து ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. போலீஸைக் கூட்டிவரப் போகிறார்கள் என்றார் வெங்கடாசலம். இருக்கலாம். மனு ஏற்காட்டைச் சேர்ந்ததா என்பதுகூட இன்னும் தெரியவில்லை. மழை பெரிய துளிகளாக விழத் தொடங்கியது. தொண்ணூறு பேரில் ஒருவரும் எழவில்லை. இடைவெளிகளை அடைத்து இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். நடுவில் ஆராயி உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டேயிருந்த இன்பமேரியின் முந்தானையைக் குப்பாயி பிடித்து இழுத்தாள்.

"ஏங் கண்ணு நனையற? உக்காரு இப்படி."